கடல் கடந்த ஒரு நிரூபணம்

1970ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில், அந்நாளில் லெனின்கிராட் என்று வழங்கிய நகரத்தில், 22 வயதே ஆன யூரி மத்தியாசேவிச் என்னும் இளைஞர், ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் 1900இல் உலகத்தின் முன் வைத்த 23 பிரச்சினைகளுள் பத்தாவதற்கு முடிவு கண்டார். சரித்திர நூல்கள் பெரும்பாலும் இச்செய்தியை இந்த ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகின்றன. ஆனால் அந்த இளைஞர் எழுதி முடித்தது, அவர் கைக்குழந்தையாயிருந்த காலத்திலேயே கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் தொடங்கப்பெற்று, இருபது ஆண்டுகள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறி வந்த ஒரு நிரூபணத்தின் கடைசிப் பகுதியாகும். அணுகுண்டுகளைக் குவித்து வைத்துக்கொண்டு ஒன்றையொன்று அச்சுறுத்திக்கொண்டிருந்த இரண்டு வல்லரசுகளின் பிரஜைகள் சேர்ந்து இதைச் செய்தார்கள் என்பதும், அவர்களுள் எவரும் புகழில் தமக்குரிய பங்கு குறைந்துவிடுமோ என்று கவலைப்படவில்லை என்பதும், கணித தர்க்கவியல் என்னும் சாஸ்திரம் எவ்வாறு வளர்கிறது, அதில் மாணவர்கள் எவ்வாறு பயிற்சி பெறுகிறார்கள் என்பதை அறிய விரும்புவோர் ஊன்றிக் கவனிக்கத் தக்கவை.

முதலில் பிரச்சினையைச் சொல்லிவிடுவோம். முழு எண்களிலேயே விடை காணவேண்டும் என்ற நிபந்தனையுடைய சமன்பாடுகளுக்கு, பழங்கால அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தியோபாந்தஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் இவ்வித்தை மிக உயர்ந்த நிலையை எட்டியிருந்தது. ஓர் எண்ணின் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மற்றொரு பூரண வர்க்கம் வரவேண்டும். அந்த எண் யாது? கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. இதற்கு மிகச் சிறிய விடையோ 22,61,53,980. வரும் வர்க்கத்தின் மூலம் 176,63,19,049. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர் சக்ரவாள முறையால் இவ்விடையைக் கண்டுவிட்டார். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து பிரான்ஸ் தேசத்து ஃபெர்மா இதே 61ஐ எடுத்துத் தம் காலத்துக் கணித நிபுணர்களுக்குச் சவாலாக விடுத்தார். ஆனால் ஒருவகைச் சமன்பாட்டுக்கு ஏற்ற யுக்தி மற்றொருவகைக்குப் பயன்படுவதில்லை. எத்தகைய சமன்பாட்டைக் கொடுத்தாலும், அதற்கு முழு எண் விடை உண்டா இல்லையா என்பதை, வரையறுத்த படிகளைக் கடந்து, தவறாமல் சொல்லிவிடக் கூடிய பொதுவானதொரு முறை வேண்டும் என்று ஹில்பர்ட் கேட்டார்.

அவர் அம்முறை இருக்கும் என்ற நம்பிக்கையோடுதான் கேட்டார். முறை இருந்தால், அதை எடுத்துக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. இல்லை என்று நிரூபிப்பதாயிருந்தால், இனி என்றைக்கும் எவரும் கண்டுபிடிக்க இயலாது என்றல்லவா சொல்லவேண்டும்? அதற்கு 'முறை' என்பது யாது என்பதையே முதலில் இலக்கணப்படுத்தியாகவேண்டும். 1936இல் அமெரிக்காவில் அலோன்சோ சர்ச்சும், இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கும் தனித்தனியே அதைச் செய்தார்கள். அதன்பின் பத்தாவது பிரச்சினை எண்கணிதத்தின் பழைய வீட்டிலிருந்து தர்க்கவியலின் புதிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

அப்புது வீட்டின் அஸ்திவாரம் பெரிதும் போலந்தில் இடப்பட்டது. முதல் உலக யுத்தத்தின் முடிவில் சுதந்திரம் பெற்ற அச்சிறிய நாடு, எல்லாத் துறைகளிலும் பெரிய தேசங்களோடு போட்டியிடுவது வீண் என்பதை உணர்ந்து, கணங்களின் கோட்பாட்டையும் அதைச் சார்ந்த தர்க்கவியலையும் தனக்கெனத் தேர்ந்துகொண்டது. 1920இல் வார்ஸாவில் தொடங்கிய 'ஃபண்டமென்டா மதமாடிகே' என்னும் சஞ்சிகை இத்துறைக்கென்றே நடத்தப்பட்டது; தாய்மொழியில் எழுதினால் அயலார் படிக்கமாட்டார்கள் என்பதால், போலிஷ் அறிஞர்கள் அதில் பிரெஞ்சு முதலிய பிற மொழிகளிலேயே எழுதினார்கள். புதிய தேசத்தின் அபிமானம் கொழுந்துவிட்டு எரிந்த காலத்தில் இப்படியொரு முடிவுக்கு வருவதற்கு எத்தகைய தெளிவு வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். அச்சூழலில் பயின்ற ஆல்ஃபிரெட் டார்ஸ்கி, 1939 ஆகஸ்டில் ஒரு மகாநாட்டின் பொருட்டு ஹார்வர்டுக்குக் கப்பல் ஏறினார். அவர் அமெரிக்காவில் இருக்கும்போதே ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. மனைவியும் இரு குழந்தைகளும் வார்ஸாவிலேயே சிக்கிக்கொண்டார்கள். 1946இல்தான் அவர்களை மீண்டும் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டியது. வார்ஸாவில் தங்கிய அவருடைய மாணவர் ஆந்த்ரே மோஸ்டோவ்ஸ்கி, ஜெர்மானியர் கண்ணில் படாமல் இரகசியமாக நடந்த பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிவந்தார். 1944 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது தப்பியோட நேர்ந்த அவர், தம் யுத்தகால ஆராய்ச்சி முழுவதும் எழுதியிருந்த குறிப்பேட்டை எடுப்பதா, ரொட்டியை எடுப்பதா என்ற நிலையில் ரொட்டியை எடுத்துக்கொண்டார். அவ்வாராய்ச்சியில் ஒரு பகுதியை அவர் பின்னர் நினைவிலிருந்து மீட்டெழுதினார். எஞ்சியது போனது போனதுதான்.

டார்ஸ்கி 1942இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வந்து அமர்ந்தார். கண்டிப்பும் உழைப்பும் மிகுந்த அந்த ஆசிரியரிடம் பயின்று 1948இல் டாக்டர் பட்டம் பெற்றவர்களுள் ஜூலியா ராபின்சன் என்னும் பெண்மணி ஒருவர். ஒன்பதாவது வயதில் கண்ட வாதக்காய்ச்சல் அவருடைய பள்ளிப்படிப்பில் இரண்டாண்டுகளை விழுங்கியதோடு இருதயத்தையும் பழுதாக்கிவிட்டது. கணவர் ராஃபேல் ராபின்சன் அதே கணிதத் துறையில் பேராசிரியராக இருந்தமையால், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவருக்கு ஒரே துறையில் வேலை கொடுக்கலாகாது என்ற விதி குறுக்கே நின்றது. பட்டம் பெற்ற பின்பும் வெகுகாலம் அவர் நிலையான பதவி ஏதுமின்றியே ஆராய்ச்சி செய்துவந்தார்.

டார்ஸ்கி எழுப்பிய ஒரு கேள்வி ஜூலியாவின் மனத்தைப் பற்றிக்கொண்டது. ஓர் எண் பகு எண் என்பதைச் சமன்பாட்டின் வாயிலாகச் சொல்லிவிடலாம்: ஒன்றினும் பெரிய இரண்டு முழு எண்களின் பெருக்கற்பலனாக அது அமையவேண்டும், அவ்வளவே. ஓர் எண் இரண்டின் அடுக்கு அன்று என்பதையும் அவ்வாறே சொல்லலாம்: ஒன்றினும் பெரியதோர் ஒற்றைப்படை எண் அதை மீதமின்றி வகுக்கவேண்டும். 24ஐ மூன்று வகுக்கிறது. 40ஐ ஐந்து வகுக்கிறது. ஆனால் 2, 4, 8, 16, 32 என்று செல்லும் இரண்டின் அடுக்குகளை மட்டும் பிடித்துக்கொடுக்கும் சமன்பாடு எங்கே? ஒற்றைப்படை வகுஎண் இல்லை என்று அவற்றின் இல்லாமையைக் கூறலாம்; சமன்பாடோ, இன்ன எண்கள் இருக்கின்றன என்று உள்ளதை மட்டுமே சொல்ல வல்லது. சிறுபிள்ளைகூடப் புரிந்துகொள்ளத்தக்க இக்கேள்வி இருபது ஆண்டுகள் விடையின்றி நின்றது.

ஜூலியா பாஸ்கரர் கையாண்ட அதே வகைச் சமன்பாட்டைப் பற்றினார். 61க்குப் பதிலாக 3ஐ வைத்தால் விடைகள் 1, 4, 15, 56, 209 என்று வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்கு என்பதால், அடுக்குகள் வளர்வது போலவே இவையும் வளர்கின்றன. ஆகவே அடுக்கைப் பிடிப்பதற்கான கருவி கையில் இருக்கிறது என்றே தோன்றும். ஆயினும் ஓர் இடையூறு உண்டு. சமன்பாடு 209 ஒரு விடை என்று சொல்லுமேயன்றி, அது ஐந்தாவது விடை என்று சொல்லாது. எத்தனையாவது என்பது தெரிந்தாலன்றி அடுக்கின் கணக்கு கூடிவராது. இந்த இடத்தில் தடைப்பட்ட ஜூலியா, இன்ன இயல்புடைய ஒரு சமன்பாடு கிடைத்தால் போதும் என்று நிபந்தனையைத் துல்லியமாக வரையறுத்து, அதைக் கருதுகோளாக வெளியிட்டார். விடைகளாக இணைந்து வரும் இரண்டு எண்களில், இரண்டாவது முதலாவதன் வர்க்கம், கனம் முதலிய எந்த மடியையும் ஒரு கட்டத்தில் மிஞ்சவேண்டும். ஆனால் வரம்பின்றிப் பாய்ந்துவிடவும் கூடாது. இத்தகைய ஒரே ஒரு சமன்பாடு இருந்தால், எல்லா அடுக்குகளையும் சமன்பாட்டில் அடக்கிவிடலாம் என்று அவர் 1952இல் நிரூபித்தார்.

இதே காலத்தில் மார்ட்டின் டேவிஸ் என்னும் இளைஞர் எதிர்த்திசையிலிருந்து வந்துகொண்டிருந்தார். போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த அவர், போலந்திலேயே பிறந்த எமில் போஸ்ட்டிடம் பாடம் கேட்டவர். பத்தாவது பிரச்சினை தீர்க்க முடியாதது என்று யாராவது நிரூபிக்கக் காத்துக்கிடக்கிறது என்று எழுதியவர் அந்தப் போஸ்ட்டே. கணிப்பொறியொன்று முடிவின்றி ஓடி ஒவ்வொன்றாகப் பட்டியலிடக்கூடிய எந்த எண்தொகுதியையும் சமன்பாட்டால் விவரித்துவிடலாம் என்பது டேவிஸின் ஊகம். பட்டியலிடக்கூடியதாய் இருந்தும், ஓர் எண் அதில் சேருமா என்று தீர்மானிக்க வழியில்லாத தொகுதிகள் உண்டு என்பது முன்னரே தெரிந்த உண்மையாகையால், ஊகம் மெய்யானால் ஹில்பர்ட் கேட்ட பொதுமுறை இல்லை என்பது தானே பெறப்படும். 1950இல் ஹார்வர்டில் கூடிய சர்வதேசக் கணித மகாநாட்டில் இருவரும் பத்துப் பத்து நிமிஷம் பேசினார்கள். அங்கேதான் முதன்முதலாகச் சந்தித்தார்கள். டேவிஸின் வழி எங்ஙனம் கரையேறும் என்று தமக்கு விளங்கவில்லை என ஜூலியா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

கரையேறுவதற்கு ஒரு கோடைகாலம் துணைபுரிந்தது. 1957இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியலுக்கென்று ஐந்து வாரக் கோடை முகாம் ஒன்று நடந்தது. முதியவர்களும் நேற்றுப் பட்டம் பெற்றவர்களும் ஓரிடத்தில் உண்டு உறைந்து, காலையில் உபந்யாசமும் மாலையில் விவாதமுமாகக் கழிக்கும் இத்தகைய முகாம்கள் இன்று பல நாடுகளிலும் நடைபெறுகின்றன; என் கருத்தில், இத்துறையின் உண்மையான பாடசாலைகள் இவையே. அங்கே டேவிஸ் குடும்பமும் ஹிலரி புட்னம் குடும்பமும் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டன. புட்னம் தத்துவ சாஸ்திரத்தில் பெரும்பெயர் பெற்றவர். ஆயினும் வீட்டுப் பேச்சு பத்தாவது பிரச்சினையிலேயே வந்து நின்றது. 1959இல் இருவரும் ஓர் அரிய முடிவை எட்டினர்: சமன்பாட்டில் அடுக்குகளையும் அனுமதித்துவிட்டால் டேவிஸின் ஊகம் பலிக்கும் என்பது அது. ஆனால் பகா எண்களைப் பற்றி அந்நாளில் எவரும் நிரூபித்திராத ஒன்றை அவர்கள் கடன் வாங்கியிருந்தார்கள். கையெழுத்துப் பிரதி ஜூலியாவுக்குப் போயிற்று. சில மாதங்களில் அவர் கடனை அடைத்து, நிரூபணத்தையும் எளிதாக்கித் திருப்பி அனுப்பினார். 1961இல் மூவர் பெயரிலும் அது வெளிவந்தது. (கடன் வாங்கிய அந்த உண்மை, 2004இல் பென் கிரீன், டெரன்ஸ் டாவ் என்னும் இருவரால் வேறொரு சந்தர்ப்பத்தில் நிரூபிக்கப்பட்டது.)

இனி எஞ்சியது ஜூலியாவின் பழைய கருதுகோள் ஒன்றே. அறிஞர் பலர் அது மெய்யாயிருக்கும் என்று நம்பவில்லை; மூவரின் கட்டுரைக்கு மதிப்புரை எழுதிய கிரைசல் என்ற பெரியவர், இதற்கும் பத்தாவது பிரச்சினைக்கும் உள்ள உறவு மேலோட்டமானதே என்று ஒதுக்கிவிட்டார். டேவிஸ் மட்டும் தம் சொற்பொழிவுகளில் யாரேனும் இது எப்படி முடியும் என்று வினவினால், கெட்டிக்கார ரஷ்ய வாலிபன் ஒருவன் வந்து நிரூபிப்பான் என்று விளையாட்டாகச் சொல்லிவந்தார்.

லெனின்கிராடில் மத்தியாசேவிச் இரண்டாம் ஆண்டு மாணவராயிருந்தபோது, அவருடைய ஆசிரியர் செர்கெய் மாஸ்லவ் இப்பிரச்சினையை அவர் கையில் கொடுத்தார். படிக்க ஏதேனும் உண்டா என்று மாணவர் கேட்க, அமெரிக்கர்கள் சில கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள், இதுவரை வெற்றி கிட்டாததால் அவர்கள் வழி சரியானதாயிராது, படிக்கவேண்டாம் என்றாராம். உலகமறிந்த நல்லாசிரியர்களும் சில வேளைகளில் இப்படி உபதேசிப்பதுண்டு. மாணவர் சிறிது காலம் தனிவழியில் அலைந்துவிட்டுப் பின்னர் அக்கட்டுரைகளைப் படித்தார். படித்ததும் ஜூலியாவின் கருதுகோளே வாசல் என்பது அவருக்குப் புலப்பட்டது. அதிலேயே மூழ்கியதனால், பத்தாவது பிரச்சினையை முடித்தாயிற்றா, இன்னும் இல்லையா, அப்படியானால் பட்டம் பெறமுடியாதே என்று பேராசிரியர் ஒருவர் கண்டபோதெல்லாம் கேலி செய்யும் நிலைக்கு ஆளானார். சலித்துப்போய் அதைக் கைவிட்டிருந்த தறுவாயில், 1969இல் ஜூலியாவின் புதிய கட்டுரையொன்று அமெரிக்காவில் வெளியாயிற்று. உலகமெங்கும் வரும் ஆய்வுகளை ரஷ்ய வாசகர்களுக்குச் சுருக்கித் தரும் மதிப்புரைச் சஞ்சிகை ஒன்று மாஸ்கோவில் இருந்தது; இவ்விஷயத்தில் தேர்ந்தவர் என்று கருதி அது அக்கட்டுரையை இவருக்கே அனுப்பிவைத்தது. கடமைக்காகப் படித்தவர் அதிலிருந்த ஒரு புதிய யுக்தியைக் கண்டு மீண்டும் எழுந்து உட்கார்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது ஃபிபொனாச்சி வரிசை. 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வருவது அது. அவ்வாண்டுதான் வோரபியவ் என்பவர் பொதுமக்களுக்காக எழுதிய ஃபிபொனாச்சி எண்கள் பற்றிய சிறு நூலின் விரிந்த பதிப்பை அவர் வாசித்திருந்தார். அதில் ஓர் உண்மை கண்டிருந்தது: வரிசையிலுள்ள ஓர் எண்ணின் வர்க்கம் அவ்வரிசையின் மற்றோர் எண்ணை வகுக்குமானால், முதல் எண் இரண்டாவதன் ஸ்தானத்தையும் வகுக்கும். உதாரணமாக, 3இன் வர்க்கமாகிய 9ஆல் வகுபடும் முதல் ஃபிபொனாச்சி எண் 144. அது வரிசையில் பன்னிரண்டாவது. பன்னிரண்டை மூன்று வகுக்கிறது. ஜூலியா எங்கே தடைப்பட்டார் என்பதை வாசகர்கள் நினைவுகூர்ந்தால் இதன் அருமை விளங்கும். எத்தனையாவது என்று சொல்லாத வரிசையை, எண்ணின் மதிப்பைக்கொண்டே ஸ்தானத்தைச் சொல்லவைக்கும் திறவுகோல் இது. ஜனவரி 3ஆம் தேதி காலையில் நிரூபணம் முடிந்ததென்று நினைத்தார். மாலையில் அதில் ஓட்டை தெரிந்தது. மறுநாள் காலையில் அது அடைபட்டது.

செய்தி கடல் கடந்த விதம் கேட்கத்தக்கது. லெனின்கிராடில் உரையைக் கேட்ட கிரிகோரி த்ஸெய்தின் அனுமதி பெற்று அதை நோவோசிபிர்ஸ்க் நகரில் எடுத்துரைத்தார். அச்சபையில் இருந்த அமெரிக்கர் ஜான் மெக்கார்த்தி குறிப்பெடுத்துக்கொண்டு நாடு திரும்பினார். பிப்ரவரியில் குறிப்பு ஜூலியாவுக்கும் டேவிஸுக்கும் எட்டியது. மிகச் சுருக்கமான குறிப்புத்தான். ஆனால் இருபதாண்டு அதே கதவைத் தட்டியவர்களுக்கு அது தாராளம். அதைக்கொண்டே அவர்கள் நிரூபணம் முழுவதையும் மீட்டமைத்துக்கொண்டனர். ஜூலியா உடனே மத்தியாசேவிச்சுக்கு எழுதிய கடிதத்தில், தாம் ஊகத்தை வெளியிட்டபோது அவர் சிசுவாயிருந்தார் என்றும், அவர் வளர்ந்து வரும்வரை தாம் காத்திருக்க நேர்ந்ததென்றும் மகிழ்ச்சி பொங்கக் குறிப்பிட்டார். பிறந்தநாள்தோறும் கேக்கின் மெழுகுவர்த்திகளை ஊதும்போது, பத்தாவது பிரச்சினை தீரவேண்டும் என்று வேண்டிக்கொள்வது அவர் வழக்கமாம்; தாமே தீர்க்கவேண்டும் என்று ஒருபோதும் வேண்டவில்லை, விடை தெரியாமல் கண்மூட மனமில்லை என்பதே அவர் கவலை. மத்தியாசேவிச்சும் தம் பங்குக்கு, டேவிஸ், புட்னம், ராபின்சன் ஆகிய மூவர் பெயரையும் முன்வைத்துத் தம் பெயரைக் கடைசியில் சேர்த்தே அத்தேற்றத்தை என்றும் குறிப்பிட்டுவருகிறார்.

1971இல் ராபின்சன் தம்பதிகள் லெனின்கிராடுக்கே சென்று அவரைக் கண்டார்கள். அதன்பின் கடிதங்கள் வாயிலாகவே கூட்டாராய்ச்சி நடந்தது. ஒவ்வொரு கடிதமும் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும். விடை உண்டா இல்லையா என்று தீர்மானிக்க இயலாத சமன்பாட்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை மாறிகள் போதும் என்பது கேள்வி. அஞ்சலிலேயே குறைத்துக் குறைத்து 13க்குக் கொண்டுவந்து, 1975இல் அதைப் பிரசுரித்தார்கள். பின்னர் மத்தியாசேவிச் 9 போதும் என்று கண்டார். அதன் முழு நிரூபணத்தை 1982இல் எழுதி வெளியிட்டவர் கனடாவின் ஜேம்ஸ் ஜோன்ஸ். அதே ஜோன்ஸ், ஜப்பானியர்களான சாதோ, வாதா இருவரோடும், வீன்ஸ் என்பவரோடும் சேர்ந்து, நேர்மதிப்புகள் அனைத்தும் பகா எண்களாகவே அமைந்து, எல்லாப் பகா எண்களும் இடம்பெறும் ஒரு கோவையை 26 மாறிகளில் எழுதிக்காட்டினார். பகா எண்களுக்குச் சூத்திரம் கிடையாது என்று பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பைத் தரும். நடைமுறைப் பயன் என்னவோ மிகச் சொற்பம்.

ஜூலியா அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் கணிதப் பிரிவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி ஆனார். செய்தி வந்தபோது, ஜூலியா ராபின்சன் என்பவர் யார் என்று பல்கலைக்கழகத்தின் செய்தி அலுவலகம் கணிதத் துறையை விசாரித்ததாகவும், பேராசிரியர் ராபின்சனின் மனைவி என்று பதில் வந்ததாகவும் சொல்வார்கள். 1976இல் பெர்க்லி அவரைப் பேராசிரியர் ஆக்கியது. 1982இல் இரு நாட்டுக் கல்வி நிறுவனங்களுக்கிடையிலான விஞ்ஞானப் பரிவர்த்தனைத் திட்டத்தின்கீழ் மத்தியாசேவிச் கனடாவின் கால்கரி நகருக்கு வந்து தங்கியபோது, ஜூலியாவும் டேவிஸும் அங்கே சென்று அவரைச் சந்தித்தார்கள். 1985 ஜூலையில் ஜூலியா காலமானார்.

பிரச்சினையின் மற்றொரு கிளை இன்னும் பசுமையாகவே நிற்கிறது. முழு எண்களுக்குப் பதிலாகப் பின்னங்களையும் விடையாக ஏற்பதானால் பொதுமுறை உண்டா என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. பின்னங்களின் கூட்டத்தில் முழு எண்கள் எவை என்று தர்க்க மொழியில் வரையறுத்துக் காட்டியது 1948இல் ஜூலியா டார்ஸ்கியிடம் சமர்ப்பித்த ஆய்வேடு. இத்துறையில் புகும் மாணவன் அதிலிருந்தே தொடங்குகிறான். 2024 டிசம்பரில் பீட்டர் கோய்மன்ஸ், கார்லோ பகானோ என்னும் இருவர், முழு எண்களின் உறவினர்களான வேறு பல எண் அமைப்புகளிலும் ஹில்பர்ட் விரும்பிய முறை கிடையாது என்று நிரூபித்தார்கள். பின்னங்களை மட்டும் அவர்களுடைய யுக்தி தொடவில்லை.